காசு விழுங்கும் யந்திரம்

(நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பால் நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. கிராணியாரின் புத்தகத்தை எட்டிப் பார்க்கிறோம். தராசைச் சரிபார்க்கச் சொல்கிறோம். தீராவிட்டால் சங்கத்துக்கு வருகிறோம். அப்படிப்பட்ட நாமே, முள் தெரியாத ஒரு தராசின் முன்னால் வாய்மூடி உட்கார்ந்து சம்பளத்தைக் கொட்டுகிறோம். ஜாக்போட் யந்திரத்தைத்தான் சொல்கிறோம்.

இது பழைய சரக்கு. அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரில், சார்லஸ் ஃபே என்ற மெக்கானிக் 1890-களில் செய்த யந்திரத்திலிருந்து வந்த வம்சம். மூன்று சக்கரம், பக்கத்தில் ஒரு கைப்பிடி. சக்கரத்துக்குப் பத்துப் படம், அதில் மணிப்படம் ஒன்றுதான் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்று மணியும் ஒரே வரிசையில் நிற்க 1000-த்தில் ஒரு வாய்ப்பு. அதற்கு 1000 காசு பரிசு கொடுத்தால் முதலாளிக்கு என்ன மிச்சம்? ஆகவே குறைத்தே கொடுப்பார். அந்தக் குறைவுதான் அவருடைய வியாபாரம்.

பழைய யந்திரத்தில் படங்களையாவது எண்ணிப் பார்க்கலாம். இன்று அதுவும் இல்லை. பொத்தானை அழுத்திய கணமே உள்ளேயிருக்கும் கணினி ஓர் எண்ணைத் தேர்ந்து முடிவு செய்துவிடுகிறது. சக்கரம் சுழல்வது நமக்குக் காட்டும் வேடிக்கை. 1984-ல் இங்கே டெல்னேஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். அந்த முறையில், கண்ணுக்குத் தெரியும் சக்கரம் ஒன்று, கணக்கில் ஓடும் சக்கரம் வேறு. பெரிய பரிசுப் படத்துக்குக் கணக்கில் ஓர் இடம். அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குப் பல இடங்கள் ஒதுக்கலாம். "ஒரு கட்டையில் தப்பிப் போச்சே அண்ணே" என்று நம் தம்பிமார் அங்கலாய்ப்பதன் ரகசியம் இதுதான். தப்பவில்லை தம்பி, அது கிட்டவே வரவில்லை.

இன்னொன்று. "காலையிலிருந்து கொடுக்காத மிஷின், இனிக் கொடுத்தே தீரும்" என்பார்கள். யந்திரத்துக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு சுற்றும் முதல் சுற்றே.

இப்போது கணக்கு. யந்திரம் நூற்றுக்குத் தொண்ணூறு திருப்பித் தருகிறது என்றே கொள்வோம். தாராளம் போலத் தோன்றும். ஆனால் ஆறு வினாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 600 சுற்று. சுற்றுக்கு ஒரு வெள்ளி கட்டினால் 600 வெள்ளி உள்ளே போய், சராசரியாக 540 வெளியே வரும். அறுபது வெள்ளி போச்சு. 2025-ல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்குச் சுமார் 65. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் மரம் சீவிய கூலி! நம்மைக் கொல்வது துரதிர்ஷ்டம் மட்டுமல்ல, வேகம்.

கெந்திங் மலைச் சூதாட்ட விடுதி 1969-ல் உரிமம் பெற்று 1971-ல் திறக்கப்பட்டது. அங்கே போகப் பஸ் ஏற வேண்டும்; 21 வயது ஆகவேண்டும். கைபேசிக்கு இரண்டும் வேண்டாம். மரம் சீவி முடித்து, பால் இறங்கக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் போதும். அதுவும் அனுமதியில்லாத சூதாட்டம். ஜெயித்தாலும் பணத்தைக் கேட்டு வாங்க ஒரு வாசல் கிடையாது.

விளையாடவே கூடாது என்று சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் இதைச் சொல்கிறோம். போகிறவர்கள் சம்பள நாளில் போகாதீர்கள். வீட்டுச் சாமானும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் எடுத்து வைத்த பிறகு, தொலைந்தால் அழமாட்டோம் என்கிற தொகையை ரொக்கமாக எடுத்துக் கொள்ளுங்கள். பேங்க் கார்டை வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கட்டுவது சிறிய தொகையாக இருக்கட்டும்: சுற்றுக்கு 20 காசென்றால் அதே ஒரு மணிக்குப் பன்னிரண்டு வெள்ளியோடு போகும். விட்டதைப் பிடிக்க மறுபடி உட்காராதீர்கள். ஆலோங்கிடம் வாங்கி ஆடாதீர்கள்.

1960-ல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தபோது, நம் பெற்றோர் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து தோட்டங்களையே வாங்கின. இன்று ஒரு பத்து வெள்ளிக்கு இந்த யந்திரத்தில் ஆயுள் பத்து நிமிஷம்.

அடையாளக் கார்டையோ பேங்க் கார்டையோ கடன்காரனிடம் கொடுத்துவிட்டு, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக் கொண்டிருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். கூட்டம் முடிந்ததும் நாம் இங்கேயே இருப்போம். தனியாக வந்து பேசுங்கள்.