ஓய்வுக்குப்பின் உளி

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நான் பணி ஓய்வு பெற இன்னும் ஈராண்டுகள் உள்ளன. சில ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஒரு சிற்பியிடம் மரச்சிற்பக் கலை பயின்று வருகிறேன். ஓய்வுக்குப்பின் நம் சங்கக் கட்டடத்தில் அதனை உங்களுக்குக் கற்பிக்க விழைகிறேன். இதனைக் கேட்ட நம் ஊர்ப் பெரியவர் ஒருவர், "எழுதுகோலைப் பிடிக்கவே நாம் இவ்வளவு பாடுபட்டோம். இப்பொழுது பிள்ளைகள் கையில் உளியைக் கொடுக்கலாமா, ஐயா?" என்று வினவினார். அவ்வினா நியாயமானது. அதற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

1953ஆம் ஆண்டில் இராஜாஜி அரசு, தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயிலுமாறு ஒரு திட்டம் கொணர்ந்தது. அதனைக் 'குலக்கல்வி' என்று கூறி மக்கள் எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. தந்தையின் தொழிலே மகனுக்கு என்று விதித்ததையே அன்று எதிர்த்தனர்.

சாதி நமக்கு இருவகையில் தீங்கிழைத்தது. சில தொழில்களை நம்மீது சுமத்தியது. சில பட்டறைகளின் வாயிலை நமக்கு அடைத்தது. தேர்ச்சிற்பமும் கதவுச்சிற்பமும் தந்தை மகனுக்குச் சொல்லித்தரும் குடும்பக் கலைகளாகவே பெரிதும் நின்றன. ஆகவே, நம் பிள்ளை கல்வி பெற்று, தானே விரும்பி உளி ஏந்துவது குலத்தொழிலின் முறிவேயாகும். ஒருவர் தம் திறனுக்கேற்பத் தொழிலைத் தேர்ந்துகொள்ளச் சாதி தடையாய் நிற்பதை, 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அவரே தம் பிற்காலத்தில் வயலின் பயின்றார். கற்பதற்கு வயது வரம்பில்லை.

மரத்திற்கு ஒரு நார்ப்போக்கு உண்டு. உளி அதன் போக்கில் சென்றால் சீவல் சுருண்டு விழும். எதிர்த்துச் சென்றால் மரம் பிளக்கும். கூரிய உளியைவிட மழுங்கிய உளியே ஆபத்தானது. மிகுந்த வலிமையோடு அழுத்த நேர்வதால் கை வழுக்கும். செதுக்கி எறிந்ததை மீண்டும் ஒட்ட இயலாது. ஆதலால் வரைந்து, அளந்து, எண்ணிய பின்னரே கொட்டாப்புளியை ஓங்குகிறோம். கணிதம், ஓவியம், பொறுமை மூன்றும் ஒருங்கே வளர்கின்றன.

இக்கலையில் வாழ்வும் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றன. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பெற்ற சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர் அரசுக் கல்லூரியாக வளர்ந்தது. 2025இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், குலம் கேளாமல், 35 வயது நிரம்பியோர்க்கு 3 இலட்சம் ரூபாய் வரை கடனுதவிக்கு வழிசெய்தது. இளமையில் படிப்பு, அதன்பின் தொழில் என்னும் முறை நமக்கு உகந்ததே.

எனினும், மூன்று விதிகளை இப்பொழுதே கூறிவிடுகிறேன். பள்ளி நேரத்தில் வகுப்பு நடவாது. பத்தாம் வகுப்பு முடித்தவர்க்கே உளி தரப்படும். பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம இடம் உண்டு.

அன்று வினவிய பெரியவர் முதல் நாள் வகுப்பிற்கு வந்து அமருமாறு அழைக்கிறேன். எழுதுகோல் பழகிய கையில் உளியும் அழகுறும் என்பதை அவர் காண்பார்.