தனுஷ்கோடி ஸ்டேஷனும் எங்கள் பத்திரங்களும்

(மடவளைப் பகுதித் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மடவளையில் இருக்கும் நாங்கள் கோச்சி ஏற வத்தேகமைக்குப் போகிறோம். கண்டியில் இருந்து மாத்தளைக்குப் போகும் அந்தப் பாதை 1880இல் திறந்தது. ஆனால் எங்கள் பெரியவர்கள் பலர் இந்த நாட்டுக்கு வரக் கடந்த ஸ்டேஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதுதான் தனுஷ்கோடி. இன்று அங்கே கோச்சி இல்லை. இடிந்த சுவர்கள்தான் நிற்கின்றன.

ஆரம்பத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் அநேகம். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு அந்தக் கஷ்டம் குறைந்தது. மண்டபம் முகாமில் சில நாள் மறித்து வைத்து, அம்மை குத்தி அனுப்புவார்கள். தனுஷ்கோடி வரைக்கும் கோச்சி. அங்கிருந்து ஏறத்தாழ 20 மைல் கடல் தாண்டினால் தலைமன்னார். பிறகு மறுபடியும் கோச்சி.

ஒரு காலத்தில் வந்தவர்களுக்குக் கழுத்தில் ஒரு தகர வில்லை கட்டியிருந்தது. அதில் தோட்டத்தின் நம்பர் இருந்தது. எங்கள் பாட்டன்மார் கையில் இருந்த பத்திரம் அவ்வளவுதான்!

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு புயல் அடித்து, கடல் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனில் இருந்து வந்த கோச்சியும் நூறு பேருக்கு மேல் ஆட்களோடு போய்விட்டது. அந்த ஸ்டேஷனை மறுபடி கட்டவில்லை.

ஒப்பந்தப்படி போனவர்கள் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். உறவுகள் கதறி அழுது வழியனுப்பியதால், அவர்களைக் கொண்டுபோன கோச்சிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. எங்கே, எப்போது இருந்தோம் என்பதற்கு அத்தாட்சி எவ்வளவு முக்கியம், பார்த்தீர்களா?

சில வருஷத்துக்கு முன் ஒரு வயதான தாயிடம், “எங்கேம்மா பொறந்தீங்க?” என்று கேட்டோம். “தெரியாதுங்க ஐயா, தனுஸ்கோடி தாண்டி வந்தோம்னு அம்மா சொல்லும்” என்றார். அவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அடையாள அட்டை எடுக்க அவர் அலைந்த அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே, பிள்ளை பிறந்தால் தாமதியாமல் பதியுங்கள். ராமாயி ஒரு பத்திரத்தில் ராமாயி, இன்னொன்றில் ராமலெட்சுமி என்று இருக்க விடாதீர்கள். பத்திரங்களை லயத்துக் கூரை ஒழுகினாலும் நனையாதபடி பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், எந்த ஊர், எந்த வழியாக வந்தார்கள் என்று கேட்டுப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

ஸ்டேஷனைக் கடல் கொண்டுபோனது. எங்கள் பெயர்களை நாங்களே தொலைத்துவிடக் கூடாது.