ஒரு மாரத்தானுக்கு மூன்று இலக்குகள்



மார்கழி மாதத்து விடியற்காலை. தெருவில் வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கிற அந்த நேரத்தில் சென்னை பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். இருபது வயது இளைஞர்களும் அறுபதைத் தொட்ட பெரியவர்களும் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்காகத் தயாராகிறவர்கள் அவர்களில் பலர். ஓடி முடித்து, வியர்வை சொட்டச் சொட்ட நிற்கும்போது ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்: "எவ்வளவு டைமிங் வெச்சிருக்கீங்க?" முதல் முறை ஓடப்போகிறவர்கூடச் சட்டென்று சொல்லிவிடுவார்: "நாலு மணி நேரம்."

மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். அதை நாலு மணி நேரத்தில் முடிப்பது நல்ல ஓட்டம்தான். ஆனால் அந்த நாலு மணி என்ற கணக்கு எதை வைத்து வந்தது? அவர் இதுவரை ஓடிய ஓட்டத்தை வைத்தா, அல்லது சொல்வதற்கு முழுசாக இருக்கிறது என்பதாலா?

இது அவர் ஒருவருடைய பழக்கம் இல்லை. உலகமெங்கும் மாரத்தான் ஓடியவர்களின் ஏறத்தாழ ஒரு கோடி முடிவு நேரங்களைச் சில பொருளாதார அறிஞர்கள் திரட்டி ஆராய்ந்தார்கள். 2017இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மூன்று மணி, மூன்றரை மணி, நாலு மணி ஆகிய முழு எண்களுக்குச் சற்று முன்னால் வந்து சேர்கிறவர்கள் குவிந்து கிடக்கிறார்கள். அந்த எண்ணைத் தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று விழுந்துவிடுகிறது. நூலிழையில் இருப்பவர்கள், களைத்துப்போன கடைசி இரண்டு கிலோமீட்டரிலும் மிச்சமிருக்கும் தெம்பைத் திரட்டி வேகம் பிடிக்கிறார்கள். ஒரு இலக்கு மனிதனை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அவ்வளவு வலிமை உள்ள ஒன்றைப் போகிறபோக்கில் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

சரி, நமக்கான நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஓட்டக்காரர்கள் நெடுநாளாக நம்பிவரும் ஒரு கணக்கு உண்டு. பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் தந்தது. நீங்கள் அண்மையில் ஓடிய அரை மாரத்தான் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் போதாது. இரண்டுக்குச் சற்று மேல், அதாவது 2.08 அல்லது 2.09ஆல் பெருக்க வேண்டும். இரண்டேகால் மணி நேரத்தில் அரை மாரத்தான் ஓடியவருக்கு முழு மாரத்தான் சுமார் நாலு மணி நாற்பது நிமிடம் என்று வரும். அதுவும் போதிய பயிற்சி இருந்து, வானிலையும் கைகொடுத்தால். நம் கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. மெதுவாக ஓடுகிறவருக்குப் பாதி வழியிலேயே வெயிலும் ஏறிவிடும். அதற்கென்று பத்துப் பதினைந்து நிமிடமாவது கூட்டிக்கொள்வதுதான் நியாயம்.

இந்தக் கணக்கைப் பார்க்காமல் நாலு மணி என்று கிளம்பினால் என்ன ஆகும்? நாலு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு கிலோமீட்டரை 5 நிமிடம் 41 விநாடியில் கடக்க வேண்டும். நாலு மணி நாற்பதுக்கு 6 நிமிடம் 38 விநாடி போதும். வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். முதல் பத்துக் கிலோமீட்டரில் அது தெரியவே தெரியாது. உடம்பு புதுசாக இருக்கும், இருட்டு விலகாத குளிர்ச்சி இருக்கும், சுற்றிலும் கூட்டம் இருக்கும். ஆனால் தசையிலும் ஈரலிலும் உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து அளவானது. வேகம் கூடினால் அது சீக்கிரம் கரையும். முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டி அது தீர்ந்துபோகும்போது கால் நகர மறுக்கும். மீதி 12 கிலோமீட்டரை நடந்து கடப்பவர்களின் முகத்தைப் பார்த்தால், அவர்கள் காலையில் செய்த கணக்கு புரியும்.

அதனால்தான் ஒற்றை எண்ணோடு போகாதீர்கள் என்கிறேன். மூன்று இலக்குகளோடு போங்கள்.

முதல் இலக்கு, எல்லாம் கூடிவருகிற நாளுக்கு. நல்ல தூக்கம், நல்ல வானிலை, பயிற்சி முழுமை. அது கொஞ்சம் எட்டாத உயரத்தில் இருக்கலாம். கென்யாவின் எலியுட் கிப்சோகே 2017இல் இத்தாலியின் மோன்சாவில், இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தானை முடிப்பேன் என்று ஓடினார். 2 மணி 25 விநாடி ஆனது. இலக்கு தவறியது. ஆனால் அன்றிருந்த உலக சாதனையைவிட அது இரண்டரை நிமிடம் குறைவு. 2019 அக்டோபரில் வியன்னாவில் மறுபடி முயன்றார். 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் முடித்தார். வேகம் காட்டி ஓட மாறி மாறி வந்த குழுக்கள் உள்ளிட்ட தனி ஏற்பாடுகளோடு நடந்ததால் இவ்விரண்டும் அதிகாரப்பூர்வ சாதனைகள் ஆகவில்லை. இருந்தாலும், உயர்ந்த இலக்கு தவறினாலும் ஆளை முன்னே தள்ளிவிட்டுத்தான் போகும்.

இரண்டாவது இலக்கு, சாதாரண நாளுக்கு. இது உங்கள் நேர்மையான எண். ரீகல் கணக்கும், ஊரின் வெயிலும், நீங்கள் உண்மையிலேயே ஓடிய நீண்ட ஓட்டங்களும் சேர்ந்து சொல்லும் எண். ஓட்டத்தைத் தொடங்க வேண்டியது இந்த வேகத்தில்தான். பாதி தூரம் கடந்து உடம்பு இடம் கொடுத்தால் முதல் இலக்கை எட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, எதுவுமே சரிவராத நாளுக்கு. இதில் நேரத்துக்கு வேலையே இல்லை. எங்களோடு ஓடுகிற ஒரு அக்காவிடம் ஒரு இளைஞர் டைமிங் கேட்டார். "முப்பது கிலோமீட்டர் வரைக்கும் நடக்கக் கூடாது தம்பி. தண்ணி கொடுக்கிற எடத்துல எல்லாம் நின்னு ரெண்டு வாய் குடிக்கணும். அதுக்கப்புறம் நடந்தாலும் சரி, சிரிச்ச முகமா வந்து சேரணும்" என்றார் அவர். வயிறு மக்கர் செய்தாலும் வெயில் கொளுத்தினாலும் அந்த இலக்கு அவர் கையைவிட்டுப் போகாது. ஏனென்றால் அது முழுக்க அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

மூன்றாவது இலக்கு என்றால் ஆறுதல் பரிசு என்று நினைத்துவிடாதீர்கள். நார்வே நாட்டுக் கிரேட்டே வைட்ஸ் நியூயார்க் மாரத்தானை ஒன்பது முறை வென்றவர். பெண்களில் அந்தப் பந்தயத்தின் அரசி. அந்தப் பந்தயத்தை வளர்த்து ஆளாக்கியவர் ஃபிரெட் லெபோ. 1990இல் லெபோவுக்கு மூளையில் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்குப் பின், தம் அறுபதாவது வயதில், 1992 நவம்பரில், நகரின் ஐந்து பகுதிகள் வழியாகவும் செல்லும் அந்தப் பாதையில் அவரே ஓட இறங்கினார். துணைக்கு ஓடியவர் வைட்ஸ். இரண்டரை மணி நேரத்துக்குள் அந்தத் தூரத்தை முடித்துப் பழகிய கால்கள், அன்று நோயிலிருந்து மீண்டவரின் அடிக்கு அடி இணையாக நடந்தும் ஓடியும் வந்தன. இருவரும் சேர்ந்து எல்லைக்கோட்டைத் தொட்டபோது 5 மணி 32 நிமிடம் 34 விநாடி. வைட்ஸுக்கு அதைவிட வேகமாக ஓடத் தெரியாதா? அன்று அவர் வைத்திருந்த இலக்கு வேறு. அந்த இலக்கை அவர் முழுமையாக வென்றார்.

இன்னொன்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். எந்த நிலையில் நிறுத்துவேன் என்பதை. நெஞ்சில் வலி, தலைசுற்றல், மனக்குழப்பம், வெயிலில் உடம்பு சில்லிடுவது போன்ற உணர்வு வந்தால் அங்கேயே நின்று மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். ஓட்டத்தின் நடுவே, களைப்பில் மனம் சரியாக யோசிக்காது. வீட்டில் தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவுதான் அப்போது காப்பாற்றும். நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களும் பயிற்சிக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

நேயர்களே, நீங்கள் ஓடப்போவது முழு மாரத்தானாக இருக்கலாம், பத்துக் கிலோமீட்டராக இருக்கலாம். இன்று இரவு ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். நல்ல நாளுக்கு ஒன்று, சாதாரண நாளுக்கு ஒன்று, மோசமான நாளுக்கு ஒன்று, நிறுத்த வேண்டிய நிலை எது என்று ஒன்று. அதை வீட்டில் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் என்ன எண் வைத்திருக்கிறார் என்று கேட்பதைவிட, இந்த நான்கு வரிகளுக்கு உண்மையாக ஓடுவது உங்களை வெகுதூரம் கொண்டுபோகும். ஓடுகிற அனைவருக்கும் என் வாழ்த்துகள்.