கேரதீவுப் பாதையும் மன்னார் வீதியும்



நாவற்குழியிற் பிரியும் ஏ-32 வீதி, கேரதீவில் கடனீரேரியைக் கடந்து, சங்குப்பிட்டி, பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு வழியாக மன்னாரை அடைகின்றது. முன்னாளில் அந்நீரேரிக்குப் பாலம் இல்லை. மக்களும் வண்டிகளும் மிதவையிலேயே கரைசேர்ந்தனர். அம்மிதவையை நம்மவர் ‘பாதை’ என்றே அழைத்தனர். அதுவன்றி வேறு பாதைதான் ஏது?

யுத்தம் அதனை மூடியது. ஆனையிறவும் அடைபட்ட 1990களின் தொடக்கத்தில் மக்கள் இருளிலே கிளாலியிற் படகேறினர். 1993 ஜனவரியில் அந்நீரேரியிற் கொல்லப்பட்டோரை நாம் மறந்தோமல்லோம்.

2011 ஜனவரி 16ஆம் நாள், 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. நன்று. ஆயினும், பாலங் கடந்து விரையும் வண்டிகளால் பூநகரி உழவனுக்கு வந்த பயன் யாது? மொட்டைக்கறுப்பன் விளையும் மண் அது. வானத்தை நம்பி விதைத்த நெல்லை அறுவடைக் களத்திலேயே கேட்ட விலைக்குக் கொடுப்பவனுக்கு, நெடுஞ்சாலை தன் நெல் பிறர் கைக்குப் போகும் வழி மட்டுமே. வீதியோரத்தில் களஞ்சியமும் நெல் ஆலையும் எழவேண்டும். வயலிலிருந்து வரும் மண்பாதை மாரியிலும் வண்டி தாங்கவேண்டும். கற்றோர் திட்டம் வரைக; உழவர் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்றுசேர்க. அடுத்த காலபோகத்துக்கு முன்னர் பூநகரியிலே கூடிப் பேச நாம் ஆயத்தமாயுள்ளோம்.