வெட்டுறதுக்கு முன்னாடி அந்தச் சதுரத்தை அளங்க

வீட்டுல தையல் மெஷின் இருக்கு. தலையணை உறை, உள்பாவாடை வரைக்கும் தைக்க வருது. ஆனா ஒரு குர்த்தியையோ கவுனையோ நாமளே வரைஞ்சு வெட்டணும்னா கத்தரியை எடுக்கவே கை வரமாட்டேங்குது. இப்படி இருக்குறவங்களுக்காகத்தான் இன்னிக்குப் பேசப் போறேன், இணையத்துல இருந்து இறக்கிக்கிற தையல் பேட்டர்ன்களைப் பத்தி.

பேட்டர்ன் ஒண்ணும் புதுசு இல்லை. டெய்லர் கடையில பிரவுன் ஷீட்டுல முன்பக்கம், பின்பக்கம், கைன்னு வெட்டி ஆணியில மாட்டியிருப்பாங்களே, அதேதான். 1863-லயே அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல எபனேசர் பட்டரிக்னு ஒரு டெய்லர், ஒரே உடுப்பைப் பல சைஸ்ல காகிதத்துல வெட்டி விக்க ஆரம்பிச்சுட்டார். இப்ப அந்தக் காகிதம் பிடிஎஃப் ஃபைலா நம்ம போனுக்கு வருது. வரைஞ்சவங்களோட கைத்திறமை முழுசும் அதுல இருக்கு. அதைக் காகிதத்துக்கு அளவு மாறாம கொண்டு வர்ற பொறுப்பு மட்டும் நம்மளுது.

எதுல ஆரம்பிக்கலாம்? எடுத்த உடனே புடவை ஜாக்கெட் வேண்டாம். டார்ட்டும் கைக்குழியும் கொஞ்சம் தப்பினாலும் உடம்புல உக்காராது. பை, எலாஸ்டிக் வச்ச பாவாடை, பைஜாமா, குழந்தைக்குக் கை இல்லாத கவுன், இந்த மாதிரி நாலஞ்சு துண்டுல முடியுறதா எடுங்க. காசு கொடுத்துதான் வாங்கணும்னும் இல்லை. நியூயார்க்ல இருக்குற மூட் துணிக்கடை நிறைய பேட்டர்ன் இலவசமாவே கொடுக்குது. ஃப்ரீசோயிங்னு ஒரு இணையதளம் இருக்கு, அதுல உங்க உடம்பு அளவைப் போட்டா அந்த அளவுக்கே வரைஞ்சு கொடுத்துடும், அதுவும் இலவசம். எடுக்குறதுக்கு முன்னாடி எந்தத் துணிக்குன்னு மட்டும் படிங்க. இழுபடுற பனியன் துணிக்குப் போட்ட பேட்டர்னைப் பருத்தித் துணியில வெட்டினா தலை வழியா இறங்காது.

அடுத்தது சைஸ். கடையில நான் எல் தானே எடுக்குறேன்னு எல்-ஐ வெட்டிடாதீங்க. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துட்டு வந்து பழகினவங்க நாம. இங்க டேப்பை எடுத்து மார்பு, இடுப்பு, சீட் மூணையும் அளந்து, பேட்டர்னோட வர்ற அட்டவணையோட ஒப்பிட்டுப் பார்க்கணும். அதுல பெரும்பாலும் ரெண்டு அட்டவணை இருக்கும். ஒண்ணு உடம்பு அளவு, இன்னொண்ணு தைச்சு முடிச்ச துணியோட அளவு. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம்தான் லூஸ். உங்களுக்கு நல்லா பொருந்துற ஒரு குர்த்தியைத் தரையில விரிச்சு அளந்து, அந்த ரெண்டாவது அட்டவணையோட வச்சுப் பாருங்க. எவ்வளவு லூஸா வரும்னு அப்பவே தெரிஞ்சுடும். மார்பு ஒரு சைஸ், சீட் வேற சைஸ்னா கவலையே வேண்டாம். கைக்குழி வரைக்கும் ஒரு கோட்டுல வந்து, அங்கிருந்து மெதுவா வளைச்சு அடுத்த கோட்டுல சேர்த்துடுங்க.

உயரத்தையும் பாருங்க. ஜெர்மனியோட பர்டா பேட்டர்ன்களைப் பெரும்பாலும் 168 சென்டிமீட்டர் உயரத்தை வச்சு வரையுறாங்க. நம்ம 155-ன்னா, இடுப்பு வளைவு நம்ம இடுப்புக்குக் கீழ போய் நிக்கும். கீழ்ப்பக்கம் மட்டும் வெட்டிக் குறைச்சா அது சரியாகாது. பேட்டர்ன் நடுவுல நீளத்தைக் கூட்டிக் குறைக்கன்னே குறுக்கால ஒரு கோடு போட்டிருப்பாங்க. அந்த இடத்துல காகிதத்தை மடிச்சுக் குறைங்க.

இப்ப பிரிண்ட். இன்னிக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். நிறைய பேட்டர்ன் துணி மேல கை வைக்குறதுக்கு முன்னாடி இங்கதான் கெட்டுப்போகுது.

ஃபைலைத் திறந்தா முதல் ஒண்ணு ரெண்டு பக்கத்துக்குள்ள ஒரு சின்னச் சதுரம் இருக்கும். பக்கத்துல 10 சென்டிமீட்டர்னோ 2 இஞ்ச்னோ எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் முதல்ல பிரிண்ட் எடுங்க. ஸ்கேலை வச்சு அகலம், உயரம் ரெண்டையும் அளங்க. எழுதின அளவு அப்படியே இருந்தா மத்ததை எடுக்கலாம்.

என் முதல் குர்த்திக்கு நான் இதைச் செய்யலை. கடையில முழுசா ஒரே மூச்சுல பிரிண்ட் போட்டு வாங்கிட்டு வந்து ஒட்டி, வெட்டி, தைச்சு முடிச்சேன். கை உள்ள போகவே இல்லை. அப்புறம்தான் அந்தச் சதுரத்தை அளந்தேன். 10 இருக்க வேண்டிய இடத்துல 9.6 இருந்தது. பக்கத்துக்குள்ள அடங்கட்டும்னு பிரிண்டர் தானா 4 சதவீதம் சுருக்கியிருக்கு. சதுரத்துல அது 4 மில்லிமீட்டர்தான். ஆனா சுற்றளவு 40 இஞ்ச் வர வேண்டிய குர்த்தி ஏறக்குறைய 38½-ஆ வந்து நின்னுடுச்சு. நல்ல கைத்தறித் துணி அது. இன்னிக்கும் பீரோவுல மடிச்சு வச்சிருக்கேன்.

அதனால பிரிண்ட் கடைக்குப் போனா இதை வாய்விட்டுச் சொல்லுங்க: "அண்ணா, ஃபிட் டு பேஜ் வேண்டாம், ஆக்சுவல் சைஸ், 100 பர்சன்ட்ல போடுங்க." வாட்ஸ்அப்ல அனுப்பும்போது டாக்குமென்ட்டா அனுப்புங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினா அளவே போயிடும். ஃபைல்ல லெட்டர், ஏ4-ன்னு ரெண்டு இருந்தா ஏ4-ஐக் கொடுங்க. லெட்டர் அமெரிக்கக் காகிதம், நம்மளதை விட அகலம். கம்ப்யூட்டர் இருந்தா அடோபி ரீடர்ல திறந்து பாருங்க. சில ஃபைல்ல லேயர்னு இருக்கும், உங்க சைஸை மட்டும் வச்சுட்டு மத்த கோட்டையெல்லாம் மறைச்சுடலாம்.

ஒட்டுறது சிரமமா இருந்தா ஏ0 ஃபைல் இருக்கான்னு பாருங்க. வீட்டு பிளான் போடுற பெரிய பிரிண்டர் இருக்குற கடையில ஒரே தாளா எடுத்துடலாம். ஒரு ஏ0-ங்கிறது 16 ஏ4.

வீட்டுல ஒட்டுறதா இருந்தா, முதல்ல ஃபேனை நிறுத்துங்க. பக்கத்தையெல்லாம் எண் வரிசைப்படி தரையில பரப்புங்க. ஒவ்வொரு தாள்லயும் வலது ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மட்டும் வெட்டினா போதும், அடுத்த தாள் அது அடியில வந்து உக்காரும். ஒரு வரிசையை முழுசா ஒட்டி முடிச்சுட்டு, அப்புறம் வரிசையோட வரிசையைச் சேருங்க. ஓரத்துல இருக்குற அடையாளக் குறிகள் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். செல்லோ டேப்பை விட கம் ஸ்டிக் நல்லது. கசங்கின காகிதத்துக்கு லேசா இஸ்திரி போட்டா டேப் சுருண்டு ஒட்டிக்கும்.

காகிதத்துல இருக்குற குறிகள்ல மூணை மட்டும் இன்னிக்குத் தெரிஞ்சுக்குங்க. நீளமா ஒரு அம்புக்குறி இருக்கும். அது துணிக்கரைக்கு நேரா போகணும். அம்போட ரெண்டு முனையில இருந்தும் கரை வரைக்கும் டேப் வச்சு அளங்க, ஒரே அளவா இருக்கணும். இல்லைன்னா தைச்ச துணி ரெண்டு தடவை துவைச்சதும் முறுக்கிக்கும். ரெண்டாவது, மடிப்புல வைக்கச் சொல்ற ஓரம். அந்த ஓரத்தை வெட்டவே கூடாது. மூணாவது, ஓரத்துல சின்னச் சின்ன வெட்டுக் குறி. கையை எங்க வச்சு ஏத்தணும்னு சொல்றது அதுதான்.

தையலுக்கு ஓரத்துல இடம் விட்டிருக்காங்களான்னு கட்டாயம் படிங்க. சில பேட்டர்ன்ல விட்டிருக்க மாட்டாங்க, நாமதான் சேர்க்கணும். விட்டிருந்தாலும் 1 சென்டிமீட்டர், 1½ சென்டிமீட்டர் அவ்வளவுதான். நம்ம ஊர்ல நாளைக்குப் பிரிச்சு விடுறதுக்குன்னு உள்ள 1 இஞ்ச், 1½ இஞ்ச் விட்டுத் தைப்போம். அது நல்ல பழக்கம், விட்டுடாதீங்க. பக்கவாட்டுத் தையல்ல மட்டும் வெளியில சேர்த்து வரைஞ்சுக்குங்க. கைக்குழியிலயும் கழுத்துலயும் சேர்த்துடாதீங்க, வளைவு மாறிடும்.

பருத்தித் துணியை ஒரு ராத்திரி தண்ணியில நனைச்சு, காய வச்சு, இஸ்திரி போட்டு அப்புறம் வெட்டுங்க. பன்னா 44 இஞ்சா 60 இஞ்சான்னு பார்த்துத் துணி வாங்குங்க, தேவைப்படுற மீட்டர் அதைப் பொறுத்து மாறும். முதல் தடவை காடாத் துணியிலயோ பழைய வேட்டியிலயோ வெட்டி, பெரிய தையலா ஓட்டிப் போட்டுப் பாருங்க. எங்க பிடிக்குது, எங்க தொங்குதுன்னு பார்த்து, அதைக் காகிதத்துலயே பேனாவால திருத்துங்க.

இன்னொண்ணு. காசு கொடுத்து வாங்கின ஃபைலைக் குரூப்ல போட்டுடாதீங்க. பெரும்பாலும் அதுக்குப் பின்னால, வரைஞ்சு, வெட்டி, பத்துத் தடவை தைச்சுப் பார்த்த ஒரு தனி ஆளோட உழைப்பு இருக்கு. தைச்சதை விக்கணும்னா, அதுக்கு அனுமதி உண்டான்னு நிபந்தனையைப் படிச்சுக்குங்க.

முடிச்சதும் காகிதத்தைத் தூக்கிப் போடாதீங்க. தேதி, சைஸ், எங்கெங்க கூட்டினீங்க குறைச்சீங்கன்னு அது மேலயே எழுதி, ஒரு கவர்ல போட்டு வைங்க. வரும்போது அது யாரோ வரைஞ்ச பேட்டர்ன். உங்க பேனாத் திருத்தம் ஏறினதும் அது உங்க அளவு ஜாக்கெட். அடுத்த துணியை அதை வச்சே தைரியமா வெட்டலாம்.