பனியனுக்கு வரி, பருத்திக்கு விலை

எந்த நாடு எந்த நாட்டோடு வியாபார ஒப்பந்தம் போட்டால் நமக்கென்ன, பருத்தியை எடுத்தோமா, விற்றோமா என்று இருந்துவிட முடியாது. அது சுற்றிச் சுற்றி உங்கள் பருத்தி மூட்டைக்குத்தான் வந்து சேருகிறது.

வங்கதேசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பருத்தி விளைச்சல் மிகக் குறைவு. ஆனாலும் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் முன்வரிசையில் நிற்கிறது. கூலி மலிவு ஒரு காரணம், அது மட்டுமில்லை. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஐரோப்பிய யூனியன் 2001-ல் ஒரு சலுகை கொடுத்தது. ஆயுதம் தவிர மற்றச் சரக்குகளுக்குச் சுங்கவரி இல்லை. அதே பனியன் திருப்பூரிலிருந்து போனால், 100 ரூபாய் சரக்குக்கு 9 ரூபாய் 60 பைசா வரி என்று பல வருஷம் இருந்தது. வாங்குகிறவன் எங்கே போவான், நீங்களே சொல்லுங்கள்!

சலுகைக்கு நிபந்தனையும் உண்டு. வெளியிலிருந்து துணி வாங்கித் தைத்தால் மட்டும் போதாது. நூலைத் துணியாக்குவதும் அங்கேயே நடக்க வேண்டும் என்றார்கள். நெசவாலை போட முதல் நிறைய வேண்டும். பின்னல் எந்திரத்துக்கு அவ்வளவு வேண்டாம். அதனால் பின்னலாடைத் தொழில் அங்கே கிடுகிடுவென வளர்ந்தது. 2011-ல் நிபந்தனையைத் தளர்த்தி, தைத்தாலே போதும் என்றதும் சட்டை, பேன்ட்டுக்கும் வழி பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆலைகளுக்குப் பஞ்சும் நூலும் நம் நாட்டிலிருந்தும் போயின. நம்ம பருத்தி டாக்கா வழியாகப் போனால் வரியில்லை, திருப்பூர் வழியாகப் போனால் வரி!

இனி நாம் போட்ட ஒப்பந்தம். 2022 டிசம்பர் 29 முதல் ஆஸ்திரேலியாவில் நம் ஆடைகளுக்கு இருந்த 5 சதவீத வரி போயிற்று. பதிலுக்கு, அவர்கள் பஞ்சு ஆண்டுக்கு 51,000 டன் வரியில்லாமல் இங்கே வரலாம். 170 கிலோ பொதிக் கணக்கில் 3 லட்சம் பொதி. நம் நாட்டு விளைச்சல் சுமார் 3 கோடிப் பொதி. நூற்றில் ஒரு பங்குக்கு மிரள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஆலைக்காரர்கள் அந்தப் பஞ்சை ஏன் விரும்புகிறார்கள் என்று பாருங்கள். அது சுத்தமாக இருக்கிறது. நம் பருத்தியில் தலைமுடியும் உரச்சாக்குப் பிசிறும் கலந்துவிடுகின்றன. எடுக்கிற பெண்கள் தலையில் துணி கட்டிக்கொள்ளட்டும். பருத்தியை உரச்சாக்கில் அடைக்காமல் பருத்தித் துணியிலேயே கட்டுங்கள். அந்தப் பிளாஸ்டிக் பிசிறில் சாயம் ஏறாது. துணி சாயப்பட்டறையிலிருந்து வந்த பிறகுதான் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.