பண்டிகை விடுமுறையும் நெசவாளர் கூலியும்

(ஆரணியில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



"பிற சமயத்தார் பண்டிகைக்கு நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை ஏன் மூடவேண்டும்?" என்று நம்மவருள் சிலர் வினவுகின்றனர். அதற்கு விடை கூறுவதோடு, நம் தறிகளுக்கே உரிய வேறொரு குறையையும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நம் மாநிலத்து விடுமுறைப் பட்டியலில் பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜையோடு ரம்ஜான், பக்ரீத், பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், மகாவீரர் ஜயந்தி ஆகியவையும் உள்ளன. 2021-ஆம் ஆண்டு தைப்பூசமும் சேர்ந்தது. முருகன் அடியார்களாகிய நாம் அன்று மகிழ்ந்தோமன்றோ? அம்மகிழ்ச்சி பிறர்க்கும் உரியதே. போளூரை அடுத்த திருமலையில் பழங்கோயில் கொண்ட ஜைனர்கள் தமிழரே. நம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள். அவர்கள் நாளை அந்நியர் நாள் என்பது தகாது.

இனி நம் குறையைக் கேளுங்கள். நம் மாநிலத்துத் தொழில் நிலையங்களுக்கென 1958-இல் ஒரு விடுமுறைச் சட்டம் செய்தனர். தேசிய விடுமுறைகளோடு பண்டிகைகளுக்காக ஐந்து நாள் கூலியுடன் விடவேண்டும் என்பதும், எப்பண்டிகைகள் என்பதை முதலாளி, தொழிலாளி இருவரையும் கலந்து குறிக்கவேண்டும் என்பதும் அதன் விதி. ஆயின், வீட்டில் தறி போட்டுப் புடவைக் கணக்கில் கூலி பெறும் நெசவாளிக்கு அப்பயன் நடைமுறையில் எட்டுவதில்லை. தறி நின்றால் கூலியும் நிற்கும். மழைக்காலத்தில் தெருவில் பாவு நீட்ட வழியின்றிக் குழித்தறியில் ஈரம் ஏறும் நாட்களோ அவன் வேண்டாத விடுமுறைகள். ஊரார் பண்டிகைக்குப் பட்டு நெய்து கொடுப்பவன், தன் வீட்டுப் பண்டிகைக்குக் கடன் வாங்குகிறான். தீபாவளிக்குக் கொடுக்கும் முன்பணம் பின்னர்க் கூலியிற் பிடிக்கப்படுவதே. அது பண்டிகைக் கூலி ஆகாது.

இச்சபையில் நெய்வோரும் உளர். பட்டும் சரிகையும் கொடுத்து நெய்விப்போரும் உளர். நெய்விப்போரை யான் வேண்டுவது இது: ஆண்டுக்கு ஐந்து பண்டிகை நாட்களுக்கு, நெசவாளியின் சராசரி நாட்கூலியைக் கடனாக அன்றி உரிமையாகக் கொடுங்கள். அவ்வைந்து நாள் எவையென்பதை அவனே தேர்ந்துகொள்ளட்டும். உங்களிடம் வேலை செய்பவர் முஸ்லிமாயினும், கிறிஸ்துவராயினும், ஜைனராயினும் இதே முறை நிற்கட்டும்.

"விசைத்தறிப் போட்டியில் இச்செலவைத் தாங்குவோமா?" என்பீர்கள். ஆண்டில் 300 நாள் வேலையென்று கொண்டால், ஐந்து நாட்கூலி ஆண்டுக் கூலியில் அறுபதில் ஒரு பங்கே. இளைஞர் தறியை விட்டு வெளியூர் வேலைக்குச் செல்லும் இக்காலத்தில், தேர்ந்த கையை இழப்பது அதனினும் பெரு நஷ்டமன்றோ?

பிறர் பண்டிகையை மதிப்பது நற்குணம். நம்மிடம் உழைப்பவன் பண்டிகையை மதிப்பது நம் கடமை. சங்க நிர்வாகிகள் இதனை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொணர்ந்து, வரும் தீபாவளிக்குள் நடைமுறைப்படுத்துமாறு வேண்டி அமைகிறேன்.